விதித்தாளிலிருந்து தண்டவாளம் வரை: கணினி ரோலர் கோஸ்டர் வடிவமைப்புப் போட்டிக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

பாலக்கோட்டில் இருக்கும் என் அண்ணன் மகன், கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கும்போது, இணையவழியில் நடந்த ரோலர் கோஸ்டர் வடிவமைப்புப் போட்டி ஒன்றுக்காக நான்கு மாதம் உழைத்து ஒரு தடம் அமைத்தான். உயர வரம்பு 35 மீட்டர் என்று விதி கூறியது. அவன் ஏற்றத்தின் உச்சியைச் சரியாக 35 மீட்டரில் நிறுத்தினான். ஆனால் அந்த உச்சிக்கு நேர் கீழே, அழகுக்காக அவனே வெட்டிய ஓடை 1.4 மீட்டர் ஆழம் கொண்டிருந்தது. தடத்துக்கு நேர் கீழுள்ள தரையிலிருந்தே உயரம் அளக்கப்படும் என்று விதித்தாளின் பிற்பகுதியில் ஒரு வரி இருந்தது. நடுவர்கள் அளந்தபோது 36.4 மீட்டர் வந்தது. முதற்கட்டச் சோதனையிலேயே படைப்பு விலக்கப்பட்டது. நடுவர் ஒருவர்கூட அதில் ஒரு முறை பயணம் செய்து பார்க்கவில்லை. அந்த வரியை அவனும் படித்திருந்தான், நானும் படித்திருந்தேன். தடத்தை வரைந்து முடித்த பிறகு படித்தோம் என்பதுதான் பிழை.

மனையை அளக்காமல் யாரும் வீட்டுக்கு வானம் தோண்டுவதில்லை. கட்டுப்பாடுகள் மிகுந்த போட்டியில் விதித்தாளே மனை. தடம் அதற்குள்ளிருந்துதான் பிறக்க வேண்டும். தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்துப் பிள்ளைகள் பலர் இப்போது இத்தகைய போட்டிகளில் ஆர்வம் காட்டுவதால், முதல் நாளிலிருந்து அனுப்பும் நாள்வரை செய்ய வேண்டியவற்றை வரிசையாக எழுதுகிறேன். விளக்கத்துக்காக நானே அமைத்த ஒரு மாதிரி விதித்தாளைக் கட்டுரை முழுவதும் எடுத்துக்கொள்கிறேன்: உயரம் 35 மீட்டருக்கு மேற்படக் கூடாது, தடத்தின் நீளம் 900 மீட்டருக்குள் அடங்க வேண்டும், மனை 150 மீட்டருக்கு 70 மீட்டர், ஒரு தலைகீழ்ச் சுற்றாவது இருக்க வேண்டும், செங்குத்து விசை 4.5 ஜிக்கும் எதிர்த்திசையில் 1 ஜிக்கும் இடைப்பட்டிருக்க வேண்டும் (1 ஜி என்பது ஒருவரின் சொந்த எடைக்குச் சமமான விசை). இரண்டு ரயில்கள் தடையின்றி ஓட வேண்டும். கோப்பு 50 எம்பிக்குள் இருக்க வேண்டும். படைத்தவர் பெயர் எங்கும் தெரியக் கூடாது. இறுதி நேரம் யுடிசி (உலகப் பொது நேரம்) 23:59.

விதித்தாளைப் படித்தல்

முதல் வாரம் முழுவதும் மென்பொருளைத் திறக்க வேண்டாம். ஒரு நோட்டில் மூன்று பத்திகள் கோடிட்டு, முதல் பத்தியில் விதியை அதன் சொற்களிலேயே எழுதுங்கள்; இரண்டாவதில் அதை நடுவர் எப்படி அளப்பார் என்று எழுதுங்கள்; மூன்றாவதில் நீங்கள் உங்களுக்கு வகுத்துக்கொள்ளும் வரம்பை எழுதுங்கள். இரண்டாம் பத்திதான் கடினமானது. நிலப் பத்திரத்தில் செக்குபந்தி எழுதும்போது எந்த மரம், எந்த வரப்பு என்று குறிப்பிடுவதைப் போல, ஒவ்வோர் எண்ணுக்கும் தொடக்கப் புள்ளியையும் முடிவுப் புள்ளியையும் தேட வேண்டும். உயரம் தரையிலிருந்தா, நிலைய மேடையிலிருந்தா, மனையின் மிகத் தாழ்ந்த புள்ளியிலிருந்தா? நீளத்தில் ரயில்களை நிறுத்திவைக்கும் பக்கத்தடம் சேருமா? மனையின் எல்லைக்குள் தண்டவாளம் மட்டும் இருந்தால் போதுமா, அல்லது தாங்குதூண்களின் அடிப்பாதமும் இருக்க வேண்டுமா? வளைவுகளில் தூண்கள் வெளிப்பக்கமாகச் சாய்ந்து ஊன்றுவதால், தண்டவாளம் எல்லைக்குள் இருந்தும் அதன் பாதம் இரண்டு மூன்று மீட்டர் வெளியே போய்விடுவது வழக்கம்.

பெரும்பாலான விதித்தாள்கள் ஆங்கிலத்தில் இருக்கும். 'மஸ்ட்', 'ஷால்' என்னும் சொற்கள் வந்தால் அது கட்டாயம், மீறினால் விலக்கம். 'ஷுட்' என்று வந்தால் பரிந்துரை. பின்பற்றாவிட்டால் மதிப்பெண் குறையலாம். 'மே' என்றால் அனுமதி. இந்த மூன்றையும் மூன்று நிற மையால் அடிக்கோடிட்டுக்கொண்டால், எங்கே உயிர் போகும், எங்கே காயம் மட்டும் படும் என்பது ஒரே பார்வையில் தெரியும். தமிழில் மொழிபெயர்த்து எழுதிக்கொள்வதில் தவறில்லை. ஆனால் முதல் பத்தியில் மூலச் சொற்கள் அப்படியே இருக்கட்டும், ஏனெனில் நடுவர் அளக்கப்போவது அந்தச் சொற்களைக் கொண்டுதான்.

ஐயம் எழுந்தால் முதல் இரண்டு வாரங்களுக்குள் அமைப்பாளர்களிடம் கேட்டுவிடுங்கள். "உயர விதியை விளக்குங்கள்" என்று பொதுவாகக் கேட்டால் விதியின் சொற்களே திரும்பி வரும். "தடம் ஓடையின் மேல் செல்லும் இடத்தில் நீர்மட்டத்திலிருந்து அளப்பீர்களா, ஓடையின் அடித்தரையிலிருந்து அளப்பீர்களா?" என்று ஒரே பொருளைக் குறித்துக் கேட்டால் ஒரே பொருளில் பதில் வரும். அந்தப் பதிலைத் தேதியுடன் சேமித்துவையுங்கள். மற்றப் போட்டியாளர்களுக்குப் பொதுவில் சொல்லப்பட்ட பதில்களும் விதிகளுக்கு நிகரானவை என்பதால் அவற்றையும் வாரம் ஒரு முறை பார்த்து நோட்டில் சேர்க்க வேண்டும்.

மூன்றாம் பத்தியில் எழுதும் வரம்பு விதியின் வரம்பைவிடக் குறுகலாக இருக்க வேண்டும். நம் மாதிரியில் உயரத்துக்கு 33 மீட்டர், நீளத்துக்கு 860 மீட்டர், மனையின் நான்கு பக்கமும் மூன்று மீட்டர் உள்ளே, விசைக்கு 4 ஜி என்று நான் வைப்பேன். விசைக்கு அதிக இடைவெளி விடுவதற்குக் காரணம் உண்டு: முன் பெட்டியில் 4 ஜி காட்டும் அதே இடத்தில் கடைசிப் பெட்டி வேறொரு எண்ணைக் காட்டும், நடுவர் எந்த இருக்கையில் அமர்ந்து அளப்பார் என்பது நம் கையில் இல்லை. இவ்வளவு இடம் வீணாகிறதே என்று சிலர் வருந்துவார்கள். இரண்டு மீட்டர் உயரம் குறைந்ததற்காக எந்த நடுவரும் மதிப்பெண்ணைக் குறைத்து நான் கண்டதில்லை.

மென்பொருளும் கணினியும்

எந்த மென்பொருள் என்பதைப் போட்டியே தீர்மானித்திருக்கும். கிறிஸ் சாயர் உருவாக்கி 1999-இல் வெளிவந்த ரோலர்கோஸ்டர் டைகூன் என்னும் கணினி விளையாட்டு, அதன் 2002-ஆம் ஆண்டின் இரண்டாம் பதிப்பு ஆகியவற்றில் நடக்கும் போட்டிகளில் தடம் ஆயத்த துண்டுகளால் கட்டத்துக்குக் கட்டம் அமைவதால், விதிகளும் கட்டங்களின் எண்ணிக்கையில் இருக்கும். அந்த இரண்டாம் பதிப்பைத் திறந்த மென்பொருளாக மறுஆக்கம் செய்த ஓப்பன்ஆர்சிடி2, மூல விளையாட்டின் கோப்புகள் இருந்தால் பழைய மடிக்கணினியிலும் ஓடும். அரசு கொடுத்த விலையில்லா மடிக்கணினி வைத்திருப்பவர்கள் இங்கே தொடங்கலாம். அதில் பயணத்தின் கடுமைக்கு விளையாட்டே தரும் தீவிர மதிப்பு 10-ஐத் தாண்டினால் பார்வையாளர்களில் பெரும்பாலோர் ஏற மறுப்பார்கள் என்பதால், விதியில் சொல்லாவிட்டாலும் அதையும் ஒரு வரம்பாகக் கொள்ள வேண்டும். 2016-இல் வந்த பிளானட் கோஸ்டர் அலங்காரத்துக்கு இடம் தருவது. அதற்கு நல்ல கிராபிக்ஸ் அட்டை வேண்டும். விசைகளை நுணுக்கமாக அளக்கும் போட்டிகள் பெரும்பாலும் நோலிமிட்ஸ் 2-இல் நடக்கின்றன. உண்மையான ரோலர் கோஸ்டர் செய்யும் நிறுவனங்களும் பயன்படுத்தும் மென்பொருள் அது.

எதுவாயினும் விதியில் குறித்த பதிப்பு எண்ணையே வைத்திருங்கள், தானாகப் புதுப்பித்துக்கொள்ளும் வசதியை நிறுத்திவையுங்கள். புதிய பதிப்பில் சேமித்த கோப்பு நடுவரின் பழைய பதிப்பில் திறக்காமல் போகக்கூடும்.

தாளில் கணக்கு

என் கருத்தில் இதுவே வேலையின் இதயம். தருமபுரியிலிருந்து சேலம் நோக்கித் தொப்பூர் கணவாயில் இறங்கும் லாரி ஓட்டுநர்களுக்கு இந்தக் கணக்கு உடம்பிலேயே பதிந்திருக்கும்: இறங்கிய உயரம் முழுவதும் வேகமாக மாறிவிடும், அதைப் பிடித்து நிறுத்தத் தவறினால் அடுத்த வளைவு மன்னிக்காது. லாரிக்காவது கியரும் பிரேக்கும் உண்டு. ரோலர் கோஸ்டர் ரயிலில் எஞ்சினும் இல்லை, பிரேக்கும் இல்லை. பிரேக்குகள் தடத்தில்தான் பொருத்தப்பட்டிருக்கின்றன. ஆகவே ஒவ்வொரு வளைவையும் அங்கே வரப்போகும் வேகத்துக்கு ஏற்ப முன்கூட்டியே அளந்து வைப்பது வடிவமைப்பவரின் கடமை.

கணக்கை எளிதாக்கும் ஓர் உறவு உண்டு. உராய்வை ஒதுக்கிவிட்டால், வேகத்தின் வர்க்கத்தைப் புவியீர்ப்பு முடுக்கமான 9.81-ஆல் வகுத்துக் கிடைக்கும் எண், ஏற்றத்தின் உச்சியிலிருந்து ரயில் இறங்கிய உயரத்தைப் போல் சரியாக இரு மடங்கு. இதை நாங்கள் வீட்டில் 'இரட்டை உயரம்' என்போம். இரட்டை உயரத்தை வளைவின் ஆரத்தால் வகுத்தால், அந்த வளைவு எத்தனை ஜி தருகிறது என்பது கிடைத்துவிடும்.

மாதிரிக்கு வருவோம். ஏற்றத்தின் உச்சி 32 மீட்டர், முதல் இறக்கத்தின் அடி 2 மீட்டர் என்று வைத்தால், இறங்கும் உயரம் 30, இரட்டை உயரம் 60. வேகம் வினாடிக்கு ஏறத்தாழ 24 மீட்டர், அதாவது மணிக்கு 87 கிலோமீட்டர். அடியில் பயணி உணரும் விசை, அவருடைய சொந்த எடையான 1 ஜியும் வளைவு தரும் விசையும் சேர்ந்தது. மொத்தம் 4 ஜி போதும் என்றால் வளைவின் பங்கு 3. 60-ஐ 3-ஆல் வகுத்தால் ஆரம் 20 மீட்டர். இதைவிடக் குறுகிய வளைவை அங்கே வரையக் கூடாது என்பது கணினியைத் திறக்கும் முன்பே தெரிந்துவிட்டது.

அடுத்தது மேடு. அதன் முகடு 17 மீட்டரில் இருந்தால், உச்சியிலிருந்து 15 மீட்டர் கீழே. இரட்டை உயரம் 30. ஆரம் 30 மீட்டரானால் பயணி எடையற்று மிதப்பார். ஆரத்தை 20 ஆக்கினால் வளைவின் பங்கு 1.5, 1 ஜியிலிருந்து அதைக் கழித்தால் எதிர்த்திசையில் அரை ஜி, இருக்கையிலிருந்து மெல்லத் தூக்கி எறியும் உணர்வு. வரம்பு எதிர்த்திசையில் 1 ஜி என்பதால் இது வசதியாக உள்ளே இருக்கிறது.

தலைகீழ்ச் சுற்றில்தான் பலர் தடுக்கி விழுகிறார்கள். 2 மீட்டரில் நுழைந்து 20 மீட்டர் வரை எழும் 18 மீட்டர் சுற்றை முழு வட்டமாக வரைந்தால் ஆரம் 9 மீட்டர். அடியில் 60-ஐ 9-ஆல் வகுத்து 1 கூட்டினால் 7.7 ஜி, விதி அப்போதே உடைந்தது. வட்டச் சுற்றில் அடிக்கும் உச்சிக்கும் உள்ள வேறுபாடு, அளவு எதுவானாலும், எப்போதும் 6 ஜி. உச்சியில் விசையைச் சுழியாக்கினாலும் அடியில் 6 இருந்தே தீரும். 1895-இல் நியூயார்க்கின் கோனி தீவில் ஓடத் தொடங்கிய ஃப்ளிப் ஃப்ளாப் ரயில்வே என்னும் கோஸ்டரில் பயணிகளின் கழுத்து வலித்ததற்குக் காரணம் அந்த வட்டம்தான். 1976-இல் கலிபோர்னியாவின் மேஜிக் மவுண்டன் பூங்காவில் திறக்கப்பட்ட ரெவல்யூஷன் என்னும் கோஸ்டருக்காகப் பொறியாளர் வெர்னர் ஷ்டெங்கல், அடியில் அகன்று உச்சியில் குறுகும் நீர்த்துளி வடிவத்தைக் கையாண்டார். இன்று நாம் காணும் சுற்றுகள் பெரும்பாலும் அந்த வழியில் வந்தவையே. நம் சுற்றிலும் அடியில் ஆரம் 20 மீட்டர், உச்சியில் ஏறத்தாழ 9 மீட்டர், இடையில் சிறிது சிறிதாகக் குறைவது என்று அமைத்தால், அடியில் 4 ஜியும் உச்சியில் ஒன்றரை ஜியைச் சற்றே தாண்டிய விசையும் கிடைக்கும்.

திருப்பங்களுக்குச் சாய்வுக் கோணம் வேண்டும். உச்சியிலிருந்து 15 மீட்டர் கீழே 20 மீட்டர் ஆரத்தில் திரும்பினால் வளைவின் பங்கு 1.5, அந்த எண்ணைத் தொடுகோட்டு (டேன்) மதிப்பாகக் கொண்ட கோணம் ஏறத்தாழ 56 பாகை. தடத்தை அவ்வளவு சாய்த்தால் பக்கவாட்டு விசை மறைந்து, பயணி இருக்கைக்குள் 1.8 ஜியுடன் அழுத்தப்படுவார்.

உராய்வை ஒதுக்கிய இந்தக் கணக்கு ஒரு பக்கம் காக்கும், மறுபக்கம் ஏமாற்றும். உண்மையில் வேகம் இதைவிடக் குறைவாகவே இருக்கும் என்பதால் மேல்வரம்பை மீறும் அச்சம் குறைகிறது. ஆனால் தடத்தின் பிற்பகுதியில் ரயில் மேட்டைத் தாண்டாமல் பள்ளத்தில் ஊசலாடி நின்றுவிடும் ஆபத்து கூடுகிறது. எனவே முகடுகளை ஒன்றைவிட ஒன்று தாழ்த்திக்கொண்டே போக வேண்டும்.

கணினியில் தடம் வரைதல்

தாளில் கிடைத்த எண்களை நிலையம், ஏற்றம், முதல் இறக்கம் என்று வரிசையாகக் கணினியில் ஏற்றுங்கள். ஒவ்வோர் உறுப்பும் முடிந்தவுடன் ரயிலை ஓட்டி, வேகத்தைக் குறித்துக்கொண்டு, அந்த வேகத்தை வைத்தே அடுத்த உறுப்பின் ஆரத்தைத் திருத்த வேண்டும். முழுத் தடத்தையும் வரைந்துவிட்டுப் பிறகு ஓட்டிப் பார்ப்பவர்கள், நடுவில் ஓரிடத்தைத் திருத்தும்போது அதற்குப் பின்னுள்ள அனைத்தையும் மீண்டும் வரைய நேரிடும்.

வளைகோட்டைத் தாங்கும் புள்ளிகளைக் குறைவாக வையுங்கள். புதியவர்கள் நெருக்கமாகப் புள்ளி வைத்தால் வடிவம் கட்டுக்குள் இருக்கும் என்று நம்புகிறார்கள். விசை வரைபடத்தைத் திறந்தால் ஒவ்வொரு புள்ளியிலும் ஒரு சிறு முள் எழுந்து நிற்பதைக் காணலாம். நீண்ட இறக்கத்துக்கு மூன்று நான்கு புள்ளிகள் போதும். அனுபவம் கூடிய பிறகு, எந்த நொடியில் எவ்வளவு விசை வேண்டும் என்று எழுதிக்கொடுத்து அதிலிருந்து தடத்தைப் பெறும் விசைவழி வடிவமைப்பு முறையைக் கற்கலாம். வரம்புக்குள் இருக்கும் விசையும் கணப்பொழுதில் ஏறி இறங்கினால் பயணத்தை உலுக்கும்; நடுவர்கள் இதைக் கூர்ந்து பார்க்கிறார்கள்.

தடம் சாயும்போது தண்டவாளத்தை அச்சாகக் கொண்டு சுழற்றினால் பயணியின் தலை பக்கவாட்டில் வீசப்படும். பயணியின் நெஞ்சு உயரத்தில் ஓடும் கற்பனைக் கோட்டை அச்சாக வைத்துச் சுழற்றுவதுதான் முறை. மென்பொருளில் இதற்கு ஹார்ட்லைன் என்று பெயர். பெட்டியின் வகைக்கேற்ற மதிப்பை முதலிலேயே அமைத்துவிடுங்கள், பிறகு மாற்றினால் எல்லா வளைவுகளும் இடம் பெயரும்.

முதல், நடு, கடைசி என்று மூன்று பெட்டிகளிலும் விசையை அளந்து நோட்டில் எழுதுங்கள். முகட்டைத் தாண்டும்போது, முன் பெட்டிகள் ஏற்கெனவே இறங்கி இழுப்பதால் கடைசிப் பெட்டி அதிக வேகத்தில் தூக்கி எறியப்படும். முன் பெட்டியில் 0.5 காட்டும் எதிர்விசை கடைசிப் பெட்டியில் வரம்பைத் தொட்டுவிடுவது உண்டு.

இரண்டு ரயில்கள், மூன்று பகுதிகள்

தடத்தைப் பகுதிகளாகப் பிரித்து, ஒரு பகுதியில் ஒரு நேரத்தில் ஒரு ரயில் மட்டுமே இருக்கலாம் என்பதே பாதுகாப்பின் அடிப்படை. இந்தப் பகுதிகளை பிளாக் என்பார்கள். ஓடும் ரயில்களின் எண்ணிக்கை பிளாக்குகளின் எண்ணிக்கையைவிட ஒன்றாவது குறைவாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் எந்த ரயிலும் நகர இடமிராது. இரண்டு ரயில்களுக்கு நிலையம், ஏற்றம், இறுதிப் பிரேக் என்று மூன்று போதும். ஆனால் ஒவ்வொன்றின் முடிவிலும் ரயிலை முழுமையாக நிறுத்தவும் மீண்டும் கிளப்பவும் முடிய வேண்டும். இறுதிப் பிரேக் சமதளத்தில் இருந்து, தள்ளிவிடும் சக்கரங்கள் இல்லையென்றால் நின்ற ரயில் அங்கேயே நின்றுவிடும்.

சோதிக்கும் முறை இதுதான்: நிலையத்தில் ஒரு ரயிலை வேண்டுமென்றே நிறுத்திவைத்து, மற்றது இறுதிப் பிரேக்கில் வந்து நிற்கிறதா, பிறகு தானாகக் கிளம்புகிறதா என்று பாருங்கள். அதன் பிறகு அரை மணி நேரம் தொடர்ந்து ஓடவிட்டுக் கவனியுங்கள்.

அலங்காரம்

மதிப்பெண்ணில் அலங்காரத்தின் பங்கு எவ்வளவு என்பதைப் பார்த்து, உழைப்பையும் அதே அளவில் ஒதுக்குங்கள். வெளிநாட்டுக் கோட்டைகளையும் கடற்கொள்ளைக் கப்பல்களையும் நடுவர்கள் நூறு முறை பார்த்திருப்பார்கள். நம் பக்கத்தில் ஒகேனக்கல் இருக்கிறது. கன்னடத்தில் 'புகையும் கல்' என்று பொருள்படும் அந்தப் பெயரே ஒரு காட்சியைத் தருகிறது: பாறைப் பிளவுக்குள் இறங்கும் முதல் இறக்கம், அடியில் சாரல் புகை, வெளியே வரும்போது பரிசல் துறை. பெட்டிகள் தாமாகச் சுழலும் வகையை விதி அனுமதித்தால், பரிசல்காரர் துடுப்பால் சுற்றிவிடும் அந்தச் சுழற்சியைக்கூடக் கொண்டுவரலாம். கிருஷ்ணகிரிக் கோட்டை மலையின் மொழுமொழுப்பான பாறை முகடு, மாந்தோப்புகளின் வரிசை என்று எடுக்க எவ்வளவோ உண்டு. வெளியிலிருந்து கொண்டுவந்த பொருள்களுக்கு அனுமதி உண்டா, அவற்றின் உரிமை யாருடையது என்பதை மட்டும் முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். அலங்காரம் சேர்த்த பிறகு ரயிலைச் சுற்றியுள்ள இடைவெளிச் சோதனையை மீண்டும் நடத்துவதும், வெட்டிய பள்ளங்களால் உயரக் கணக்கு மாறியதா என்று பார்ப்பதும் கட்டாயம்.

சரிபார்த்து அனுப்புதல்

இறுதி நாளுக்கு ஏழு நாள் முன்பே வடிவமைப்பை நிறுத்திவிட வேண்டும். மூன்று பத்தி நோட்டை எடுத்து, ஒவ்வொரு விதியையும் கோப்பில் புதிதாக அளந்து நான்காம் பத்தியில் எழுதுங்கள். நினைவிலிருந்து எழுத வேண்டாம். இயன்றால் இதை வேறொருவரிடம் கொடுங்கள். என் அண்ணன் மகனின் அடுத்த படைப்பை இப்படி அளந்தவள் பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கும் அவன் தங்கை. ரோலர் கோஸ்டரைப் பற்றி அவளுக்கு ஒன்றும் தெரியாது, அதனால்தான் "அண்ணா, நிலையத்துக் கூரையும் மனைக்குள்தானே இருக்கணும்?" என்று கேட்டாள். கூரை அரை மீட்டர் வெளியே இருந்தது.

நோலிமிட்ஸ் 2-இல் பூங்காக் கோப்பை மட்டும் அனுப்பினால் வெளியிலிருந்து சேர்த்த பொருள்கள் நடுவரின் கணினியில் வராது. எல்லாவற்றையும் சேர்த்துக் கட்டும் பொதிக் கோப்பாக ஏற்றுமதி செய்து, அதை வேறொரு கணினியில் திறந்து பாருங்கள். பெயர் மறைக்க வேண்டிய போட்டியில் கோப்பின் பெயர், விவரப் பகுதியில் உள்ள படைப்பாளர் பெயர், அலங்காரப் பலகையில் எழுதிய ஊர்ப் பெயர், திரைப்பிடிப்பின் (ஸ்கிரீன்ஷாட்) மூலையில் தெரியும் பயனர் பெயர் ஆகிய நான்கு இடங்களையும் தேடுங்கள்.

நேரத்தில் தவறுபவர்கள் ஏராளம். யுடிசி 23:59 என்பது நமக்கு மறுநாள் காலை 5:29. அமெரிக்கக் கிழக்குக் கரை நேரம் 23:59 என்று இருந்தால், அங்கு குளிர்காலத்தில் நமக்கு மறுநாள் காலை 10:29, கோடையில் 9:29. இந்தக் கூடுதல் மணிகளை வேலைக்கு என்று எண்ணாமல், மின்தடைக்கும் கைப்பேசி இணையத்தின் வேகக் குறைவுக்கும் ஒதுக்கிவையுங்கள். 50 எம்பி கோப்பு பாலக்கோட்டில் ஒரு மாலை நேரத்தில் மூன்று முறை பாதியில் நின்றதை நான் பார்த்திருக்கிறேன். இரண்டு நாள் முன்னதாக ஏற்றி, ஏற்றிய கோப்பை நீங்களே பதிவிறக்கித் திறந்து பார்த்து, பெற்றுக்கொண்டதற்கான மின்னஞ்சலைச் சேமியுங்கள். திருத்திய கோப்பை மீண்டும் அனுப்ப விதி இடம் தருகிறதா என்பதை அறியாமல் இரண்டாவது முறை அனுப்ப வேண்டாம். சில போட்டிகளில் முதல் கோப்பு மட்டுமே கணக்கில் கொள்ளப்படும், சிலவற்றில் கடைசிக் கோப்பு.

முடிவு வரும்வரை அனுப்பிய கோப்பின் ஒரு படியைத் தொடாமல் தனியாக வைத்திருங்கள். நடுவர்களின் குறிப்புகள் "47-ஆம் நொடியில் பக்கவாட்டு உலுக்கல்" என்பது போல நொடிக் கணக்கில்தான் வரும். அந்தப் படியைத் திறந்து, அதே நொடியில் ரயிலை நிறுத்தி, விசை வரைபடத்தைப் பார்த்து, என்ன நேர்ந்தது என்பதை அந்த நோட்டின் அடுத்த பக்கத்தில் எழுதுங்கள்.